மிச்சமும் மிஞ்சிப்போகும் முகூர்த்த நாள்

ஆவணி மாதம், சனிக்கிழமை, மறுநாள் முகூர்த்தம். இரவு பத்தரை மணிக்கு போன் அடிக்கத் தொடங்கும். அழகர்கோவில் சாலையில் ஒரு மண்டபம், ரிங் ரோட்டில் ஒன்று, திருநகர்ப் பக்கம் ஒன்று, பதினொன்று அடிப்பதற்குள் வில்லாபுரத்திலிருந்து இன்னொன்று. எல்லாரும் சொல்வது ஒரே வார்த்தை: "சாப்பாடு நிறைய மிஞ்சிருச்சு, வந்து எடுத்துட்டுப் போங்க." எங்களிடம் இருப்பது ஒரு குட்டியானை வண்டி, ஐந்து பேர், மூடி போட்ட பாத்திரங்கள் கொஞ்சம். நாலு மண்டபத்துச் சோற்றையும் சேர்த்தால் எழுநூறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். அந்த நேரத்தில் பசியோடு விழித்திருந்து, நாங்கள் போய்ச் சேரக்கூடிய தூரத்திலும் இருப்பவர்கள் இருநூறு பேர்கூடத் தேற மாட்டார்கள்.

மிச்ச உணவை வாங்கி, தேவைப்படுகிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாக மதுரையில் செய்துவருகிறேன். சேரும் புது ஆட்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "தினமும் சாப்பாடு கிடைக்குமா?" என்பதுதான். ஆடியிலும் மார்கழியிலும் ஒரு போன்கூட வராது, அதைச் சமாளித்துவிடலாம். எங்களைத் திணறடிப்பது அளவுக்கு மீறி வந்து விழும் நாள். கண்மாய் இல்லாத ஊரில் ஒரே இரவில் அடைமழை கொட்டிய மாதிரி. தேக்கவும் முடியாது, திருப்பிவிடவும் முடியாது.

ஏன் இப்படி ஒரே நாளில் கொட்டுகிறது என்றால், முதல் காரணம் பஞ்சாங்கம். வைகாசி, ஆவணி, தை, பங்குனி மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வளர்பிறை முகூர்த்தம் அமைந்துவிட்டால் ஊரில் ஒரு மண்டபமும் காலியாக இருக்காது. இரண்டாவது காரணம் பயம். பந்தியில் சோறு பத்தாமல் போனால் அந்தப் பேச்சு முப்பது வருஷம் நிற்கும். பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்பதை மறந்தவர்கள்கூட, "அவுக வீட்டுக் கல்யாணத்துல மூணாவது பந்திக்குச் சாம்பார் இல்லப்பா" என்பதை மறக்க மாட்டார்கள். அதனால் எழுநூறு பேர் வருவார்கள் என்று நினைக்கிற வீட்டுக்காரர் எண்ணூறு இலை என்கிறார். எண்ணூறைக் கேட்ட சமையல் மாஸ்டர், தன் பேர் கெடக்கூடாது என்று இன்னும் ஒரு படி கூட்டிப் போடுகிறார். ஒரே பயத்துக்கு இரண்டு முறை அரிசி வேகிறது.

மூன்றாவது, நம் பக்கத்து அழைப்பு முறை. பத்திரிகை வைத்தால் "எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்பது இங்கே மரியாதை இல்லை. ஒரு பத்திரிகைக்கு ஒருவரும் வருவார், ஐந்து பேரும் வருவார்கள். காதணி விழா, வசந்த விழா என்று மொய் முறையோடு நடக்கும் விசேஷங்களில், மொய் எழுதியவர் கை நனைக்காமல் போனால் வீட்டாருக்கு மனம் பொறுக்காது. ஆனால் காலையில் முகூர்த்தம் முடிந்து டிபன் சாப்பிட்டவுடன் மொய்யை எழுதிவிட்டுப் பாதிப் பேர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு உலை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் வீணான உணவு ஏறக்குறைய 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் போனது. ஓட்டல், கேட்டரிங் போன்ற இடங்களின் பங்கு 28 விழுக்காடு. இந்தக் கணக்கைக் காட்டி, "கல்யாண மண்டபத்தைப் போய் ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் வீணாவது ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. அதை எந்தத் தன்னார்வலரும் போய் எடுக்க முடியாது. மண்டபத்தில்தான் நூறு பேர் சோறு ஒரே அண்டாவில், ஒரே இடத்தில், கைபடாமல் நிற்கிறது.

கைபடாமல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழில் இதற்கு இரண்டு சொல் தெளிவாக இருக்கிறது: மிச்சம், எச்சில். அண்டாவில் நிற்பது மிச்சம். இலையில் நிற்பது எச்சில். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். பந்தியில் சுற்றிவந்த வாளி. பரிமாறும்போது கரண்டி இலையில் பட்டிருக்கும், மேலே நின்று பேசியிருப்பார்கள், இரண்டு பந்திக்கு அதே வாளி திறந்தபடி இருந்திருக்கும். பஃபே மேசைத் தட்டுகள் அதைவிட மோசம். முன்னூறு பேர் கை அந்தக் கரண்டியைப் பிடித்திருக்கிறது. நாங்கள் வாளிச் சோற்றையும் பஃபே தட்டையும் எடுப்பதில்லை, அடுப்படியிலிருந்து வரும் அண்டாவை மட்டும்தான் எடுக்கிறோம். வீட்டுக்காரர்கள் சில நேரம் கோபப்படுவார்கள், "நாங்க சாப்பிட்ட சாப்பாடுதானே?" என்று. அவர்கள் அதைச் சுடச்சுடச் சாப்பிட்டார்கள். நாங்கள் கொடுக்கப்போகிறவர் நாலு மணி நேரம் கழித்துச் சாப்பிடப்போகிறார். அவருக்கு உடம்பு முடியாமல் போனால், ஒரு நாள் கூலி போகும்.

இந்த நாலு மணி நேரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு செய்யும் தவறுகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன.

சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் கிருமி பெருகாது. 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் மிக மெதுவாகத்தான் பெருகும். இடைப்பட்டது ஆபத்தான வெப்பநிலை, மதுரையின் இரவு அதன் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலையில் மொத்தம் நாலு மணி நேரம் இருந்த உணவைக் கொடுக்கக்கூடாது என்பதுதான் பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லை. இப்போது கல்யாண வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரவேற்புக்குச் சோறு வடிக்கிறது மாலை ஐந்தரைக்கு. பந்தி தொடங்குவது ஏழு மணிக்கு. கடைசிப் பந்தி முடிந்து, மிஞ்சியதை எண்ணி, யாரிடமோ எங்கள் எண்ணை வாங்கிக் கூப்பிடுவது பத்தரைக்கு. நாங்கள் போய்ச் சேர்வது பதினொன்றுக்கு. சோற்றின் வயது அப்போதே ஐந்தரை மணி நேரம். வாசனை நன்றாகத்தான் இருக்கும்.

வாசனை பொய் சொல்லும். ஊசிப்போவது, புளித்துப்போவது, நூல் விடுவது எல்லாம் உணவைக் கெடுக்கும் கிருமிகளின் வேலை. ஆளைக் கெடுக்கும் கிருமிகள் பல நேரம் ஒரு தடயமும் காட்டுவதில்லை. வெறும் சோற்றில் அஞ்ச வேண்டியது பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமிக்கு. அரிசியோடு வரும் அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு மெல்ல ஆறும்போது முளைத்து, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். திரும்பச் சூடு பண்ணினால் கிருமி சாகலாம், அந்த நச்சு அழியாது. "ஒரு கொதி விட்டுக் கொடுத்துருங்க" என்று அக்கறையோடு சொல்லும் பெரியவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கறிக்குழம்பு, பிரியாணி அண்டாக்களில் வருவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் என்ற இன்னொரு கிருமி. பெரிய அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருப்பதும், அங்கே காற்று இல்லாததும் அதற்குத் தோதாக அமைந்துவிடுகிறது. தம் உடைக்காத பிரியாணி அண்டா தொட்டால் சுடுகிறது என்று நம்பி எடுக்கக்கூடாது. உள்ளே வெப்பமானியை விட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் இருக்கும் பொருள்களிலேயே விலை மதிப்பு குறைந்ததும் உபயோகம் மிகுந்ததும் அந்தக் குச்சி வெப்பமானிதான்.

"நம்ம தாத்தா காலத்துல சோத்துல தண்ணி ஊத்தி மறுநாள் சாப்பிடலையா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. நியாயமான கேள்வி. பழைய சோற்றில், வீட்டுச் சோறு வடித்த கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் போகிறது. இரவெல்லாம் லாக்டிக் அமிலக் கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன, அந்தப் புளிப்பு மற்றவற்றை அடக்குகிறது. எப்போது வடித்தது, யார் கை பட்டது என்று எல்லாம் தெரிந்த சோறு அது. மண்டபத்தில் ஆறு மணி நேரம் திறந்து கிடந்த சோற்றில் நள்ளிரவில் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகிவிடாது.

அளவுக்கு மீறி வரும் இரவில் எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்று ஒரு வரிசை மனதில் இருக்க வேண்டும். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு, அவியல், பால் பாயசம், முட்டை போட்டது எதையும் தொடுவதே இல்லை. இவை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கெடும். சாம்பார், ரசம் கொதி நிலையில் இருந்தால் எடுக்கலாம். சப்பாத்தி, இட்லி, வெஜிடபிள் பிரியாணி எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. புளியோதரை தாங்கும், புளியும் நல்லெண்ணெயும் அதற்குக் காவல். லட்டு, மைசூர்பாகு, அப்பளம், ஊறுகாய், பழம் இவற்றைப் பற்றி அந்த இரவில் யோசிக்கவே வேண்டாம், மறுநாளும் கொடுக்கலாம். ஆனால் நடப்பது தலைகீழ். வீட்டுக்காரர் இனிப்பையும் பழத்தையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளைச் சோற்றையும் கூட்டையும் நம்மிடம் தருவார்.

எடுத்தபின் ஆழமான பாத்திரத்தில் அடைக்காமல், அகலமான, சூடு தாங்கும் பெட்டிகளில் கொண்டுபோவது, வண்டியில் ஏற்றிய நேரத்தை மூடியில் எழுதி ஒட்டுவது, கையுறை இல்லாமல் பொட்டலம் கட்டாதிருப்பது எல்லாம் சில நாளில் பழகிவிடும். பழகாதது, யாருக்குக் கொடுப்பது என்பது.

முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அங்கே எட்டு மணிக்குள் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். பத்தரை மணிக்குக் கதவைத் தட்டினால், தூங்கும் பிள்ளைகளை எழுப்ப வேண்டும் அல்லது சோற்றைக் காலைவரை வைத்திருக்க வேண்டும். இரண்டும் தப்பு. போதாக்குறைக்கு முகூர்த்த நாளில்தான் பிறந்த நாள், நினைவு நாள் என்று மற்ற கொடையாளிகளும் அவர்களுக்குச் சாப்பாடு போட்டிருப்பார்கள். அரசு இராசாசி மருத்துவமனையின் வெளித் தாழ்வாரங்களில் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் இரவெல்லாம் இருப்பார்கள். உள் நோயாளிக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு உண்டு, கூட இருப்பவர் கைக்காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறார். ஆனால் நோயாளிக்கே அதை ஊட்டிவிடக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பெரியார் பேருந்து நிலையம், ரயில் நிலைய வாசல், இரவில் தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர்கள், கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்து கொட்டகை போட்டுத் தங்கியிருப்பவர்கள் என்று வட்டம் விரியும். மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் நடுராத்திரியில்தான் லாரிகள் வந்து சுமை இறங்கும். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் தர்மச் சோறு என்றால் கை நீட்ட மாட்டார்கள். "கல்யாண வீட்டுச் சாப்பாடுண்ணே, மதியம் ஆக்கினது இல்ல, ராத்திரி ஆக்கினது" என்று சொன்னால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எப்போது ஆக்கியது என்று அவர்கள் கேட்பது நியாயம். கேட்காதவர்களுக்கும் நாம் சொல்ல வேண்டும்.

இந்த வேலை மதுரைக்குப் புதிதல்ல. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் இந்த ஊரில் வீடு வீடாகச் சோறு வாங்கிவந்து, பார்வையற்றவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், கவனிக்க ஆளில்லாதவர் எல்லாரையும் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மீந்ததைத் தான் உண்டு, சோறு வாங்கிய அந்தத் திருவோட்டையே தலைக்கு வைத்துத் தூங்கியவன். அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைத்ததை எல்லாரும் சொல்வார்கள். அதன்பின் மழை பெய்து நாடு செழித்து, உண்ண ஆளில்லாமல் அவன் அந்தப் பாத்திரத்தோடு ஊர் ஊராக அலைந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. நள்ளிரவில் பாதி நிறைந்த அண்டாவோடு கோரிப்பாளையத்தைச் சுற்றிவரும்போது அந்தப் பகுதிதான் எனக்கு நினைவுக்கு வரும்.

அப்படி ஓர் இரவு, எங்கள் முதல் வருஷத்தில், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மூன்று மண்டபத்துச் சாம்பார் சாதத்தை ஏற்றிவிட்டோம். ஒன்றரை மணிவரை சுற்றினோம். கடைசியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தலைமாட்டில் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தோம். விடிந்து போய்ப் பார்த்தபோது பாதிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது, நாய் இழுத்துப் போட்டிருந்தது. ஒரு பாட்டி மட்டும் எழுந்தவுடன் அதைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணி நேரச் சோறு. கையிலிருந்து வாங்கியபோது அவர் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. விழித்திருப்பவர் கையில், அவர் சாப்பிடத் தயாராக இருக்கும்போது மட்டும்தான் கொடுப்பது என்ற விதி அன்று காலையில் வந்தது.

ஆகவே வேண்டாம் என்று சொல்லப் பழக வேண்டும். வீட்டுக்காரர் புண்ணியத்தை மறுப்பதாக நினைப்பார். பரவாயில்லை. எடுக்க முடியாததை அங்கேயே என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். "மாட்டுக்குப் போட்டுடலாமே" என்பார்கள். கொஞ்சம் போடலாம். அளவுக்கு மீறிச் சோறு தின்ற மாட்டின் இரைப்பையில் மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். வயிறு உப்பி, தீவனம் எடுக்காமல், சில மாடுகள் செத்தே போகும். மாட்டுப் பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் தவறாமல் இதை எச்சரிக்கிறார்கள். ஒரு அண்டாச் சோற்றை ஒரே தொழுவத்தில் கொட்டுவது அந்தக் குடும்பத்தின் பிழைப்பில் கை வைப்பது. பல வீட்டு மாடுகளுக்குப் பிரித்து, வைக்கோலோடு, கை அளவில் போக வேண்டும். கறி கலந்தது கூடவே கூடாது. மீதியை இலைச் சருகு, தென்னை நார், சாணம் கலந்து மட்க வைக்கலாம். எண்ணெயும் உப்பும் இருப்பதால் சோறு ஒரு பங்குக்குச் சருகு இரண்டு மூன்று பங்காவது வேண்டும். இது எதுவும் இல்லாவிட்டால் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போய், காற்றில்லாமல் அழுகி, மீத்தேனாக மாறும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு.

திருவிழாக்களின் மிச்சம் வேறு மாதிரி. சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாண விருந்து சேதுபதி பள்ளியில் நடக்கும்போது பந்தியும் வரிசையும் ஒழுங்கும் இருப்பதால் போட்டது பெரும்பாலும் வயிற்றுக்குப் போகிறது. அழகர் வரும் நாளில் தல்லாகுளம் முதல் வைகை வரை பத்தடிக்கு ஒரு பந்தலில் பொட்டலம் கொடுக்கும்போது, ஒருவர் கையில் மூன்று பொட்டலம் சேர்ந்து, இரண்டு வழியில் விழுகிறது. அதை யாராலும் மீட்க முடியாது. தொன்னையில் கொஞ்சமாகக் கொடுத்து, அங்கேயே நின்று சாப்பிட வைத்து, வேண்டியவருக்கு மறுபடி போடும் பந்தலைச் சுற்றித் தரை சுத்தமாக இருக்கும். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் தை மாதத் திருவிழாவுக்கு இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து விடியும்முன் கொடுக்கிறார்கள். ஜனம் வீட்டுப் பாத்திரத்தோடு வந்து நிற்கிறது. ஆக்கியவுடன் கொடுப்பதும், வாங்குகிறவர் தன் பாத்திரத்தில் தன் வீட்டுக்கு வேண்டியதை வாங்குவதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் நான் பார்த்ததில்லை.

சட்டம் இருக்கிறது. உபரி உணவை மீட்டு வழங்குவதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. வழங்கும் அமைப்பு பதிவு செய்ய வேண்டும், யாரிடம் வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். இதைத் தொந்தரவாக நினைக்கும் நண்பர்கள் உண்டு. எனக்கு அந்த நோட்டு இல்லாமல் கை ஓடாது. எந்த மண்டபத்தில், எத்தனை இலைக்குச் சொல்லி, எத்தனை மிஞ்சியது என்று இரண்டு முகூர்த்தப் பருவத்துக்கு எழுதிவைத்துப் பாருங்கள். அடுத்த பருவத்தில் மிஞ்சப்போவது எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அப்படித் தெரிந்த பிறகு எங்கள் வேலை இடம் மாறியது. மிஞ்சியபின் எடுக்கப் போவதைவிட, மிஞ்சும்முன் மாஸ்டரிடம் போய் உட்காருகிறோம். இரண்டாம் பந்தி எழுந்திருக்கும்போதே மாஸ்டருக்கு எல்லாம் தெரியும். எட்டரை மணிக்கு மூடி திறக்காத ஓர் அண்டாவைத் தந்தால், சூடு மாறாமல், ஒன்பதரைக்குள் சாப்பிடுகிறவர் கையில் இருக்கும். அதைவிட நல்லது, கடைசி உலையை வைக்காமல் இருப்பது. அரிசியைக் களைந்து ஊறப்போடாமல் மூட்டையிலேயே நிறுத்தி வைத்து, பந்தி கேட்டால் மட்டும் அரை மணியில் வடிப்பது.

போன தை மாதம் திருப்பரங்குன்றம் பக்கத்து மண்டபம் ஒன்றில் இதைச் சொன்னபோது பெண்ணின் தாய்மாமன் ஒத்துக்கொள்ளவில்லை. "வெளியூர்க்காரய்ங்க இன்னும் ரெண்டு வேன்ல வாராய்ங்க, சோறு இல்லன்னா எம்முகத்துல முழிப்பாய்ங்களா?" என்றார். மாஸ்டர் அடுப்பைக் காட்டி, "மாமா, தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கு. வேன் வந்து இறங்கி, மொய் எழுதி, கை கழுவுறதுக்குள்ள சோறு இலையில இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு" என்றார். இரண்டு வேனில் ஒன்றுதான் வந்தது. அரை மூட்டை வடித்தார், சரியாக இருந்தது. மீதி ஒன்றரை மூட்டை அரிசி வேகாமல் அப்படியே நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்கு, அவசரமில்லாமல், அதை முதியோர் இல்லம் ஒன்றுக்கு எடுத்துப்போனோம். அங்கே சமைக்கிற அக்கா மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பன்னிரண்டு நாளுக்கு வரும்" என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.